தனி அவையும் பொதுப் போரும்

சாதி ஒழிய வேண்டுமென்று பேசுகிறவர்களும், கூலி உயர வேண்டுமென்று கொடி பிடிக்கிறவர்களும், ஏழை எளியவர்களுக்கு நியாயம் வேண்டுமென்று மனு எழுதுகிறவர்களும் ஒன்றுகூடும் எந்தச் சந்தர்ப்பத்திலும், கூட்டம் முடிவதற்குள் எவராவது ஒருவர் எழுந்து, 'மனிதர் அனைவருக்கும் சமத்துவம் கேட்கும் நமக்குள் மாதருக்கென்று பிரத்தியேகமாக ஓர் இயக்கம் என்ன அவசியத்தை முன்னிட்டு?' என்று கேட்டுவிடுவதுண்டு. கேட்பவர் எல்லோரும் பெண்களின் விரோதிகள் என்று எண்ணிவிடக் கூடாது, அவர்களில் பலர் உண்மையாகவே ஐக்கியத்தை விரும்புகிறவர்கள், சிலர் பெண்களே. ஆகையால் அந்தக் கேள்வியை ஏளனம் செய்து ஒதுக்காமல், அதற்குரிய மரியாதையோடு விசாரித்துப் பார்ப்பதே முறை.

விசாரணைக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. கோயமுத்தூருக்கு வடக்கே சத்தியமங்கலம் சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் கணபதியில் பவுண்டரிகளும், லேத் பட்டறைகளும், பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்யும் சின்னஞ்சிறு கூடங்களும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. லேத்தில் நிற்பவன் ஆண். வார்ப்படத்துக்கு மண் சலிப்பதும், கோர் செய்வதும், வார்த்தெடுத்த சாமானைப் பொறுக்கி அடுக்குவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. இருவரும் ஒரே முதலாளியிடம், ஒரே புழுதியைச் சுவாசித்துக்கொண்டு, ஒரே சனிக்கிழமை மாலையில் வாரக்கூலி வாங்குகிறார்கள். கூலி உயர்வு என்ற கோரிக்கை இருவருக்கும் பொதுவானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் லேத் பழகிக்கொள்ளும் வாய்ப்பு அவளுக்கு ஏன் கிட்டவில்லை என்பதும், வீடு திரும்பியவுடன் அவன் திண்ணையில் சாய அவள் அடுப்பங்கரைக்குள் நுழைய வேண்டியிருப்பதும், அந்தப் பொதுக் கோரிக்கையின் எந்த வரியிலும் அடங்குவதில்லை. நமது கேள்வி முழுவதும் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

ஐக்கியத்தை வற்புறுத்துவோரின் வாதத்தை முதலில் அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்லிவிடுவோம். 1916-ஆம் ஆண்டு, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் மாணவராக இருந்த அம்பேத்கர், இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணத்தில் இருக்கிறது என்றும், அகமணத்தைக் காப்பதற்காகவே பெண்ணின் விவாகத்தையும் கைம்மையையும் சமூகம் கட்டுப்படுத்திற்று என்றும் அதில் அவர் நிரூபிக்க முயன்றார். அந்தக் கருத்தின் உண்மையை உணரக் கொங்கு நாட்டார் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. 2016 மார்ச் 13-ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே, பட்டப்பகலில், வேறு சாதிப் பெண்ணை மணந்துகொண்ட ஒரு தலித் வாலிபர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய இளம் மனைவி படுகாயத்தோடு உயிர் தப்பினார். அந்தக் குற்றத்தைப் பெண்ணுக்கு எதிரான குற்றம் என்பதா, சாதிக் குற்றம் என்பதா? பிரித்துச் சொல்ல முடியாது. பெண் தன் துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை மதிக்காதவரையில் சாதி சாகாது. சாதியைத் தொடாமல் பெண்ணுரிமை பேசுவதும் வேரை விட்டு இலையைக் கிள்ளுவதேயாகும்.

தனித்து நின்ற மாதர் ஸ்தாபனங்கள் இந்தக் குறைக்கு ஆளானதும் உண்டு. 1917-இல் அடையாற்றில் மார்கரெட் கஸின்ஸ், டாரதி ஜினராஜதாஸா, அன்னி பெசன்ட் முதலியோரின் முயற்சியால் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. வாக்குரிமைக்காகவும், குழந்தை மணத்துக்கு எதிராகவும் அது ஆற்றிய தொண்டு சாமானியமானதன்று. 1921-இல் சென்னை மாகாணத்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றதற்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சட்டசபையில் அமர்ந்து தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் கொடுத்ததற்கும் அந்தச் சூழலே பக்கபலமாயிற்று. எனினும் அந்த வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாய்த்தது. படித்த, வசதியுள்ள குடும்பத்துப் பெண்களே அச்சங்கத்தின் முன்னணியில் இருந்தார்கள். களையெடுக்கும் பெண்ணின் கூலியும், சேரிப் பெண்ணின் தண்ணீர்க் கஷ்டமும் அவர்களுடைய விவாதங்களில் முதலிடம் பெறவில்லை.

இதற்கு நேர்மாறான பாதையில் சென்றது ஈரோட்டை மையமாகக் கொண்டு எழுந்த சுயமரியாதை இயக்கம். சாதி, சமயம், சொத்து, விவாகம் ஆகிய நான்கும் ஒரே கட்டில் பின்னிக் கிடக்கின்றன என்று கண்ட அந்த இயக்கம், 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாட்டிலேயே பெண்களுக்குச் சம சொத்துரிமையும், விவாகரத்து உரிமையும், விதவை மறுமணமும் வேண்டுமென்று தீர்மானம் செய்தது. பெண் விடுதலை ஒரு பெரிய சமத்துவ இயக்கத்துக்குள் அங்கமாக இருந்தபடியே எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சிறந்த திருஷ்டாந்தம் அதுதான் என்றால் மிகையாகாது. ஆனால் அந்த இயக்கத்தைச் சார்ந்த பெண்களும் 1938 நவம்பர் 13-ஆம் தேதி சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு என்று தனியாகக் கூடியது கவனிக்கத்தக்கது. மறைமலையடிகளின் புதல்வி நீலாம்பிகை அம்மையார் அதற்குத் தலைமை வகித்தார். டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் முன்னின்று உழைத்தார்கள். இயக்கத்தின் தலைவர் ஈ.வெ.ராவைப் 'பெரியார்' என்று அழைக்க வேண்டுமென்ற தீர்மானம் அந்த மாநாட்டில்தான் நிறைவேறியது. இன்று தமிழ்நாடு முழுவதும் அவரைக் குறிக்கும் பெயர், பெண்கள் தனித்துக் கூடிய ஓர் அவையிலிருந்து பிறந்ததாகும். தலைவரும் கொள்கையும் சாதகமாக இருந்த இடத்திலும், தங்களுக்கென ஓர் அவை வேண்டுமென்று அந்தப் பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது.

தலைவரும் கொள்கையும் அவ்வளவு சாதகமாக இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைக் கோயமுத்தூர் மில்களின் சரித்திரம் காட்டுகிறது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் பஞ்சாலையை நிறுவினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்ததும் மில்கள் மளமளவென்று பெருகின. சுற்றுவட்டாரக் கிராமங்களில் மானாவாரி பொய்த்துப் போன குடும்பங்கள் மில் சங்கின் ஓசைக்கு எழுந்து நடக்கப் பழகின. அவ்வாறு வந்தவர்களில் கணிசமானோர் பெண்கள். ரீலிங், வைண்டிங் ஆகிய பகுதிகள் அநேகமாக அவர்கள் கையில் இருந்தன. கதிரிலிருந்து நூலைச் சிட்டமாகச் சுற்றியெடுப்பது அவர்கள் வேலை. அறுந்த இழையை விரல் நுனியால் முடிந்து, மறுபடியும் சக்கரத்தைத் தட்டிவிட வேண்டும். சுற்றிய சிட்டத்தின் கணக்குக்கே கூலி. மேஸ்திரியின் தயவில்லாமல் வேலை நிலைக்காது. அந்தத் தயவுக்கு என்ன விலை கேட்கப்பட்டது என்பதை வெளிப்படையாகச் சொல்ல அக்காலத்து நாகரிகம் இடங்கொடுக்கவில்லை.

பின்பு வந்த மாறுதல்கள் நல்ல எண்ணத்தோடு வந்தவையே. பிரசவ காலச் சகாயத்துக்காகச் சென்னை மாகாணத்தில் 1934-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் செலவு அந்தந்த முதலாளியின் தலையில் விழுந்ததால், மணமான பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்வதே நஷ்டம் என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் வளர்ந்தது. 1948-ஆம் ஆண்டின் ஃபாக்டரிச் சட்டம், இரவு 7 மணி முதல் காலை 6 மணிவரை பெண்களை வேலைக்கு வைக்கலாகாது என்ற பழைய தடையை உறுதிப்படுத்தியது. மூன்று ஷிப்டும் ஓடத் தொடங்கிய மில்லுக்கு, இரவில் வர முடியாத தொழிலாளி வேண்டாதவளானாள். புதிய இயந்திரங்கள் வந்து ஆட்குறைப்பு நேர்ந்தபோது முதலில் வெளியேறியவர்கள் அவர்களே. சுதந்திரத்துக்குப் பிந்திய தசாப்தங்களில் இந்தியப் பஞ்சாலைகள் முழுவதிலும் பெண்களின் விகிதம் சரிந்துகொண்டே வந்தது. பலம் பொருந்திய தொழிற்சங்கங்கள் இருந்த காலம் அது. சம்பளமும் பஞ்சப்படியும் போனஸும் போராடிப் பெறப்பட்ட காலம். ஆனாலும் பெண்கள் ஒவ்வொருவராக மில் வாசலைத் தாண்டி வெளியே போனதைத் தடுப்பதற்கென்று ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்ததாக எவரும் நினைவுகூர்வதில்லை. குடும்பத்துக்கு வேண்டிய கூலியை ஆண் சம்பாதித்தால் போதும், பெண் வீட்டிலிருப்பதே முன்னேற்றம் என்று தொழிலாளியும் முதலாளியும் ஒருமனதாக நம்பியதே அதற்குக் காரணம்.

பெண்கள் மறுபடியும் மில்லுக்குள் அழைக்கப்பட்டார்கள். அழைக்கப்பட்ட விதம்தான் வேறு. 1990-களிலிருந்து தென் மாவட்டங்களிலும் டெல்டாவிலும் ஏஜெண்டுகள் கிராமம் கிராமமாகப் போய், மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கலியாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்று சொல்லி, பதினாறு பதினேழு வயதுப் பெண்களைக் கூட்டி வந்தார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்களகரமான பெயர் அதற்கு வழங்கியது. 'கேம்ப் கூலி' என்று பச்சையாகச் சொன்னவர்களும் உண்டு. இரவு வேலைத் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில், அது ஆண்-பெண் சமத்துவத்துக்கு விரோதமானது என்று கூறி, தக்க பாதுகாப்புகளை விதித்து நீக்கியது. தீர்ப்பு நியாயமானதுதான். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு தலைமுறையை வெளியேற்றிய அதே ஆலை, சமத்துவம் என்ற பெயரில் அடுத்த தலைமுறையை இரவு ஷிப்டுக்கு இழுத்துக்கொண்டபோது, ஹாஸ்டல் மதில்களுக்குள் எந்தத் தொழிற்சங்கமும் எளிதில் நுழைய முடியவில்லை. சட்டம் வித்தியாசம் காட்டினாலும் பெண்ணுக்கு நஷ்டம், காட்டாவிட்டாலும் நஷ்டம் என்ற விசித்திரமான நிலைமை எப்படி ஏற்பட்டது? அந்தச் சட்டத்தைப் பற்றிய ஆலோசனை எதிலும் ரீலிங் பகுதிப் பெண் உட்கார்ந்திருக்கவில்லை என்பதே விடை.

பொதுப் போராட்டம் பெண்ணின் மானத்துக்காக உயிரையும் கொடுக்கக்கூடியது என்பதை நான் மறுக்கவில்லை. சின்னியம்பாளையத்தில் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோயமுத்தூர் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். மில் பெண் தொழிலாளி ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையும், அதையொட்டி நிகழ்ந்த ஓர் அடியாளின் கொலையும் அந்த வழக்கின் பின்னணி. அந்நால்வரின் தியாகத்தை இவ்வட்டாரத் தொழிலாளர் இன்றும் ஆண்டுதோறும் போற்றுகிறார்கள், போற்றுவதும் தகும். ஆயினும், அந்தப் பெண்ணின் பெயர் அந்த நினைவுநாள் வரிசையில் எத்தனை பேருக்கு உடனே நாவில் வரும்? ஆண்கள் பெண்ணுக்காகப் போராடுவது ஒன்று. பெண் தன் வழக்கைத் தானே நடத்துவது வேறு. முன்னதில் அவள் காரணமாக மட்டும் இருக்கிறாள்; பின்னதில்தான் கர்த்தாவாகிறாள்.

இன்னொரு வகையான அநீதி இருக்கிறது. அதைப் பொது மேடைகள் எடுத்துக்கொள்ளவே துணிவதில்லை, ஏனெனில் அதில் எதிர்க்கட்சிக்காரன் முதலாளியல்லன், உடன்பிறந்தவன். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பாகம் ஏற்பட்டது. 2005-இல் இந்தியா முழுவதற்கும் அது விரிந்தது. இருந்தும், கொங்கு நாட்டின் சார்பதிவாளர் அலுவலகங்களில் முகூர்த்த நாள் காலைகளில் நின்று பார்த்தால், ஒரு காட்சி அடிக்கடி தென்படும். பட்டுச் சேலை உடுத்த நடுவயதுப் பெண்மணி ஒருத்தி பெஞ்சில் அமர்ந்திருப்பாள், அருகில் பத்திர எழுத்தர், எதிரே அண்ணன். 'அம்மிணி, இந்த எடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுரு கண்ணு. சீர் செனத்தி எல்லாம் அண்ணன் குறையில்லாமப் பாத்துக்கறன்' என்பான் அவன். 'சரிங்ணா' என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தின் ஒவ்வொரு தாளிலும் அவள் கையொப்பமிடுவாள். பிறந்த வீட்டு வாசலும், மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரும் நிலைக்க வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். எந்தப் பலவந்தமும் நடைபெறவில்லை. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை.

அந்தக் கையெழுத்தின் பெறுமானம் சாமானியமானதன்று. திருப்பூர்ப் பனியன் தொழிலைப் பற்றி ஷரத் சாரி எழுதி 2004-இல் வெளிவந்த நூல், காட்டில் ஏர் பிடித்த கவுண்டர்கள் தறியிலும் தையலிலும் உழைத்து, பின்பு கம்பெனி முதலாளிகளான கதையை விவரிக்கிறது. உழைப்பால் உயர்ந்தோம் என்ற பெருமை அவர்களுக்கு உண்டு, உழைத்ததும் மெய். ஆனால் அதே கம்பெனிகளில் பிசிறு வெட்டியும், செக்கிங் பார்த்தும், கைமடித்தும் உழைத்த பெண்களில் அவ்வாறு முதலாளியானவர்களைத் தேடித்தான் காண வேண்டும். உழைப்பு முதலாக மாறுவதற்கு அடமானம் வைக்க ஒரு துண்டு நிலமும், கைமாற்றுக் கொடுக்கப் பங்காளி மைத்துனர் கூட்டமும் வேண்டும். அந்த நிலத்தில் அவளுக்குரிய பாகம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமாறிவிடுகிறது. கூலிப் போராட்டம் வென்றாலும், சாதிச் சங்கம் ஒதுக்கீடு பெற்றாலும், இந்த ஒரு கையொப்பத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. அந்தச் சங்கங்களின் செயற்குழு உறுப்பினர்களில் பலர் அந்தப் பத்திரங்களால் பயனடைந்த அண்ணன்மார்களாகவே இருப்பார்கள்.

நமது பழைய விருந்துகளில் பெண்களுக்குக் கடைசிப் பந்தி என்பது யாரும் எழுதிவைக்காத விதி. சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் அவர்களே, யாரும் அவர்களைச் சாப்பிடக் கூடாதென்று சொல்லவுமில்லை, ஆனால் அவர்கள் இலை போடும்போது பாயசம் தீர்ந்திருக்கும். 'முதலில் பொது வெற்றி, பிறகு உங்கள் காரியம்' என்று இயக்கங்கள் சொல்லும் சமாதானமும் இத்தகையதே. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தபின், கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் திருத்தம் வந்தபோது, பெண்கள் பொறுத்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அதன் பேரில் 1869-இல் பெண் வாக்குரிமை இயக்கமே இரண்டாகப் பிளந்தது. பிளந்தவர்களில் எலிசபெத் கேடி ஸ்டான்டன் போன்றோர் கோபத்தில் கறுப்பின மக்களை இழிவாகப் பேசவும் துணிந்தார்கள். காத்திருக்கச் சொன்னது ஒரு பிழை. கோபத்தில் தோழர்களைத் தூற்றியது மற்றொரு பிழை. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவர்கள் கறுப்பினப் பெண்கள். ஒரு நூற்றாண்டு கழிந்து 1976-இல், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஆட்குறைப்புக்கு ஆளான கறுப்பினப் பெண்கள் நீதிமன்றம் சென்றபோது, கம்பெனி பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது, ஆகையால் பெண் என்ற முறையில் வழக்கில்லை; நிற வேற்றுமை என்றால் மற்றவர்களின் வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று தீர்ப்பாயிற்று. கம்பெனி வைத்திருந்த பெண்கள் வெள்ளையர் என்பது கணக்கில் வரவில்லை. இந்த வழக்கை ஆதாரமாக வைத்தே கிம்பர்லே கிரென்ஷா 1989-இல், ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் சந்தியில் நிற்பவளைத் தனித்தனிச் சட்டங்கள் காண்பதில்லை என்ற தத்துவத்தை எடுத்துரைத்தார்.

நம் நாட்டிலேயே, கோயமுத்தூரைப் போன்ற மற்றொரு பஞ்சாலை நகரமான ஆமதாபாத்தில் நடந்த வரலாறு இதைவிடத் தெளிவானது. காந்தியடிகளும் அனசூயா சாராபாயும் வளர்த்த ஜவுளித் தொழிலாளர் சங்கத்தில் மாதர் பிரிவு ஒன்று இருந்தது. அதைக் கவனித்துவந்த இலா பட், தலையில் மூட்டை சுமப்பவர்களும், பழந்துணி விற்பவர்களும், பீடி சுற்றுபவர்களும் எந்த மில்லின் பதிவேட்டிலும் இல்லாததால் எந்தச் சங்கத்திலும் இல்லை என்று கண்டு, 1972-இல் 'சேவா' என்ற பெண்கள் சங்கத்தைப் பதிவு செய்தார். சில காலம் அது தாய்ச் சங்கத்தின் நிழலிலேயே இருந்தது. 1981-இல் குஜராத்தில் இட ஒதுக்கீட்டுக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, இலா பட் தாழ்த்தப்பட்ட மக்களின் பக்கம் வெளிப்படையாகப் பேசினார்; தாய்ச் சங்கம் சேவாவை வெளியேற்றியது. தனியே நிற்கும் பெண்கள் பொதுச் சமத்துவத்தை மறந்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் இந்த நிகழ்ச்சியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அன்று பொதுச் சங்கம் சாதிப் பிரச்சினையில் மௌனம் விரும்பியது. பெண்கள் சங்கமே சமத்துவத்தின் கட்சியில் நின்றது.

தனித்து நிற்பதன் சக்தியையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவது மூணாறு. உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழியாக மலையேறினால் எட்டக்கூடிய அந்தத் தேயிலைக் காட்டில் இலை பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 2015-இல் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி போனஸை 20 சதவிகிதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது. சங்கத் தலைவர்கள் அதைத் தடுக்கவில்லை. அந்தச் செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள், எந்தக் கொடியும் இல்லாமல் சாலையில் அமர்ந்தார்கள்; சமாதானம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டம், ஒன்பது நாட்களில் 20 சதவிகிதத்தையும் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்க வேண்டுமென்ற கோரிக்கை பிறகு 301-ஓடு நின்றது. கூலி என்பது பல தோட்டங்களுக்கும் பல சங்கங்களுக்கும் பொதுவான பேச்சுவார்த்தையில் தீர்மானிக்கப்படுவது. அங்கே தோழமையில்லாமல் தனித்துப் போனவர்களின் குரல் எடுபடவில்லை. சில வருஷங்களில் அமைப்பும் பிளவுற்று மெலிந்தது.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்தால், பிரிவா இணைப்பா என்று கேட்பதே காரியத்துக்கு உதவாது என்பது புலனாகும். போராட்டக் களம் வேறு, தீர்மானம் செய்யும் அவை வேறு. களத்தில் இணைவதற்கு, அவையைக் கலைத்துவிட வேண்டிய அவசியமில்லை. தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி இதற்குச் சாட்சி. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுவதாக அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஊழியர்கள் வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் அந்த அக்கிரமத்தை வெளிக்கொணர்ந்தது. ஜனநாயக மாதர் சங்கம் துணை நின்றது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி நீதிமன்றம் சென்றது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் பாமதி நேரில் விசாரித்து அறிக்கை தந்தார். 2011-இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள்; 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பழங்குடியினர் சங்கம் மட்டும் இருந்திருந்தால் அது நிலமும் வனமும் பற்றிய வழக்காகச் சுருங்கியிருக்கலாம்; மாதர் சங்கம் மட்டும் இருந்திருந்தால் அந்த மலையடிவாரத்துக்கு வழியே தெரிந்திராது. இரண்டும் இரண்டாக இருந்ததனால்தான் ஒன்றாகச் சேர முடிந்தது.

பஞ்சும் நூலும் பின்னிய நமது தொழிலிலேயே இதன் மறுபக்கம் 2022-இல் நிறைவேறியது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடை ஆலை உண்டு. அங்கே வேலை பார்த்த 20 வயதுத் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்டு, பெண்களின் தலைமையில் 2013-இல் தோன்றிய தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்த வழக்கை விடவில்லை. ஆசியத் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்றும், அமெரிக்க உரிமை அமைப்பு ஒன்றும் தோள் கொடுக்க, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; ஹெச் அண்ட் எம், பின்பு கேப், பிவிஹெச் ஆகிய ஆடைக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டன. ஆலையிலேயே தொழிலாளரிடையிலிருந்து கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்து அமர்த்துவது, புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் காப்பது, ஒப்பந்தம் மீறப்பட்டால் வெளிநாட்டுக் கம்பெனி தன் ஆர்டரில் அதன் பலனைக் காட்டுவது ஆகிய ஷரத்துகள் அதில் அடங்கும். பெண்ணுக்கு எதிரான வன்முறையும் சாதியின் பேரால் நிகழும் அவமதிப்பும் ஒரே தாளில் இடம்பெற்றன. அந்தச் சங்கம் ஆண்களை வெளியே நிறுத்தவில்லை. தீர்மானம் செய்யும் நாற்காலியைத்தான் பெண்களிடம் வைத்துக்கொண்டது.

தனிச் சங்கம் வைத்தால் ஒற்றுமை குலையும் என்ற அச்சத்துக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு: ஏற்கெனவே குலைந்திருக்கும் ஒற்றுமையை அது வெளியில் காட்டுகிறதேயன்றிப் புதிதாகக் குலைப்பதில்லை. ஆண்களுக்கு இதில் இடமில்லையா என்று கேட்போருக்கும், இடம் நிறைய உண்டு, தலைமையிடம்தான் இல்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். மாதர் இயக்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. அது தன் கூட்டங்களில், வீட்டில் வேலைசெய்ய வரும் பெண்ணின் சம்பளத்தைப் பற்றியும், தன் மகன் வேறு சாதியில் பெண் எடுத்தால் என்ன செய்வதென்பது பற்றியும் பேசத் துணியாதவரையில், சமத்துவத்தின் பேரால் எவரையும் கேள்வி கேட்கும் தகுதி அதற்கு வாராது.

ஆகவே, இணைந்துவிடுங்கள் என்று அழைக்கும் சங்கங்கள் தங்கள் கோரிக்கை மனுவை எடுத்து வைக்கட்டும். அதில் இரவு ஷிப்டுக்கு வாகன வசதியும், கழிப்பறையும், சட்டம் விதித்த புகார்க் குழுவும் எத்தனையாவது வரிசையில் இருக்கின்றன, அந்த வரிசையை எழுதியபோது எத்தனை பெண்கள் உடனிருந்தார்கள், முதலாளியோடு பேச்சுவார்த்தைக்கு உட்காருபவர்களில் எத்தனை பேர் பெண்கள், சங்கத்தின் பணப் பெட்டிச் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கட்டும். இந்தக் கேள்விகளுக்கு நாணாமல் பதில் சொல்லக்கூடிய பொது இயக்கம் ஒன்று கோயமுத்தூரிலோ வேறெங்குமோ தோன்றுமானால், தனி மாதர் சங்கம் வேண்டுமா என்ற கேள்வியை அப்பொழுது, அந்தப் பெண்களே தங்களுக்குள் கூடித் தீர்மானித்துக்கொள்வார்கள். அதுவரை அந்த அவையைக் கலைக்கச் சொல்லும் உரிமை மற்ற எவருக்கும் கிடையாது.